முதுகுக்குப் பின்னால் ஒரு சுருட்டு

ஓசூர்க் கடைத்தெருவில் நான் நடந்து போகும்போதெல்லாம் ஒரு சிறு காரியம் நடக்கும். வெற்றிலைப் பாக்குக் கடையின் தூணில் புகைந்தபடி தொங்கும் கயிற்றில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் ஆண்கள், என்னைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். வண்டிக்காரர், மாட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவர், பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் என எல்லாரும் அப்படித்தான். வாய்க்குள் அடைபட்ட புகையை விடவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்ப நின்று, தலையை மட்டும் ஆட்டி எனக்கு வணக்கம் சொல்வார்கள். நான் இரண்டு கடை தாண்டிய பிறகு பின்னாலிருந்து பெரிய இருமல் ஒன்று கேட்கும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. ஏதோ திருட்டுக் காரியத்தின் நடுவே நான் குறுக்கிட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். அது மரியாதை என்று எங்கள் தலைமையாசிரியர்தான் விளக்கினார். புகை என்றால் இன்னதென்றே அறியாத பிறவியாக என்னைப் பாவித்துச் செய்யும் மரியாதை. பர்மாவில், மோல்மேனில் இன்னும் இருக்கும் நீங்களும், என்னைப் போல் போர்க்காலத்தில் நடந்து வந்து இந்தியாவின் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிவிட்ட நீங்களும் இதைப் படித்தால் சிரிப்பீர்கள்.

பர்மாவைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பெண்கள் சுருட்டுப் பிடிப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்தையில் மீன் விற்பவளும், கோயில் படியில் பூ வைத்திருப்பவளும், நீதிபதியின் மனைவியும் கட்டை விரல் கனத்தில் ஸேலெய் ஒன்றை வாயோரத்தில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். சுருட்டுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். மோல்மேனில் நான் காலையில் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துவேன். என் கணவர் துறைமுகத்தருகே ஒரு புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிப்பவர். சாதாரணச் சுருட்டு அங்கே செய்வதில்லை. கப்பல் காப்டன்களும் தேக்கு வியாபாரிகளும் வாங்கும் உயர்ந்த ரகம் மட்டுமே. நீளம் குறையாத முழு இலைகளை உள்ளே மடித்து, அவற்றைக் கட்டும் இலை ஒன்றை மேலே சுற்றி, கடைசியில் நரம்பு தெரியாத மேலிலையைப் போர்த்தி, கையாலேயே உருட்டிய சுருட்டு. மாலையில் அவர் அதில் ஒன்றைக் கொண்டுவருவார். இருவரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து அந்த ஒன்றையே மாற்றி மாற்றிப் பிடிப்போம். இந்த உள்ளிலை எந்த ஆற்றங்கரையில் விளைந்தது, எத்தனை மழைக்காலம் மூட்டைக்குள் கிடந்தது என்று முதலில் யார் சொல்வது என்பதே எங்கள் போட்டி. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். "உன் நாக்கைக் கிடங்குக்கு வாடகைக்கு விடேன்" என்பார். நடந்து வந்த வழியில், மலைக்காட்டில், ஐந்து நாள் காய்ச்சலில் அவரைப் பறிகொடுத்தேன். அதன் பிறகு பதினான்கு ஆண்டுகள் நான் சுருட்டைத் தொடவில்லை. யாரும் தடுத்ததனால் இல்லை. மாற்றிக் கொடுக்க எதிரே ஆள் இல்லாததனால்.

கிருஷ்ணகிரியில் அவருடைய உறவினர் ஒருவர் இருந்தார். அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. இது மூன்று மொழி பேசும் ஊர். என் வகுப்பில் ஒரு பெண் கன்னடத்தில் யோசித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் விடை எழுதுவாள். சென்னை ராஜ்யமா மைசூர் ராஜ்யமா என்று பெரியவர்கள் இந்த ஊரைப் பற்றியே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர் என்னை மட்டும் ஒரு நொடியில் இனங்கண்டு 'ரங்கூன் டீச்சர்' என்று பெயரிட்டுவிட்டது. நான் ரங்கூனில் வாழ்ந்தவளே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கைவிட்டேன். "அந்த ஊர்ல பொம்பளைங்கதான் பொகை விடுவாங்களாமே, அப்ப ஆம்பளைங்க கோலம் போடுவாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி வகுப்பில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் தற்காலிக ஆசிரியையாகவே இருந்தேன். இந்த ஜூன் மாதம் பள்ளிக் கமிட்டி கூடி என் வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அந்த உத்தரவு கைக்கு வந்தால், இனி எங்கும் நடந்து போக வேண்டியதில்லை என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

நான் குடியிருந்தது திம்மராய கவுடர் வீட்டின் பின்கட்டில். கவுடருக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. கிருஷ்ணகிரியில் எழும்பிக்கொண்டிருந்த அணைக்குக் கருங்கல் அனுப்பும் ஒப்பந்தமும் உண்டு. எங்கள் பள்ளிக் கமிட்டியில் அவரும் ஓர் உறுப்பினர். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவரும் அவர் மனைவி நஞ்சம்மாவும் என் கதவைத் தட்டினார்கள். கவுடர் கையில் மரப்பெட்டி ஒன்று. அணை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இயந்திர நிபுணர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே இரண்டு அடுக்காக இருபத்தைந்து சுருட்டுகள்.

"டீச்சரம்மா, நீங்க அங்க பொகையெலை சமாசாரமெல்லாம் பாத்தவங்கன்னு கேள்வி" என்றார் கவுடர். "சென்னையிலேருந்து பெரிய ஆபீசர் ஒருத்தர் வர்றாரு. அவருக்குச் சுருட்டுன்னா உசிரு. கெட்டுப்போனதைக் குடுத்தா என் கதை முடிஞ்சிது. ஒண்ணைக் கொளுத்திப் பாத்தேன். இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணி. மேல வேற வெள்ளையாப் பூசணம். நாளைக்கு மொட்டை மாடியில மொளகா காயவெக்கற பாயில போட்டு ரெண்டு வெயில் காட்டிடலாமான்னு இருக்கேன்."

பெட்டியைத் திறந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. புகையிலையின் மணத்துக்கு முன்னால் பாச்சை உருண்டையின் நாற்றம் வந்து மோதியது. நஞ்சம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மாள் கன்னத்தில் அடக்கியிருந்த வெற்றிலையையும் புகையிலையையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒசந்த சாமான்னு சொன்னாரு. எங்கூட்ல ஒசந்த சாமான் பட்டுப்பொடவதான். அதனால பொடவப் பெட்டியிலயே வெச்சேன். பூச்சி வரக்கூடாதுன்னு உருண்டை நாலு போட்டேன், வேப்பெலையும் போட்டேன். தப்பாம்மா?"

"எல்லாத்துக்கும் ஒரு உருண்டை போட்டுருவா. என்னை மட்டுந்தான் இன்னும் பொட்டியில வெக்கலை" என்றார் கவுடர்.

"உங்களை எந்தப் பூச்சி திங்கும்?" என்றாள் நஞ்சம்மா.

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சீமையில் ஒரு பொருளை மதிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று இன்றும் நினைக்கிறேன். மதித்த விதம்தான் தவறு. நான் கவுடரிடம் சொன்னேன்: இந்த வெள்ளைப் பொடி பூசணம் இல்லை, நல்ல இலை பொறுமையாக ஓய்வெடுக்கும்போது அதன் எண்ணெய் மேலே வந்து இப்படிப் பூக்கும். விரலால் தடவினால் போய்விடும், கறை விடாது. பூசணமென்றால் பச்சையாக ஒட்டிக்கொண்டு கறை விடும். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அதோடு எல்லாம் தீர்ந்தது. கவுடர் கொளுத்தியது போக மேலடுக்கில் மிச்சமிருந்த பதினொன்றும் உருண்டை நாற்றத்தை முழுக்கக் குடித்திருந்தன. அவற்றைத் தூக்கி எறிந்துவிடச் சொன்னேன். கீழடுக்குக்கு மேல் மெல்லிய மரத்தகடு ஒன்று இருந்தது. அது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் முகர்ந்து மட்டும் சொல்ல முடியாது.

"அப்பக் கொளுத்திப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர், தயக்கமே இல்லாமல். "இங்க யாரு இருக்கா? நானும் இவளுந்தானே."

நான் மறுத்திருக்கலாம். ஜூன் மாதக் கமிட்டி நினைவுக்கு வந்ததனால் மறுக்கவில்லை என்று எழுதினால் பாதி உண்மைதான் ஆகும். பெட்டியைத் திறந்த கணத்திலேயே, அந்த உருண்டை நாற்றத்துக்கு அடியில், மிக ஆழத்தில், ஈரமண்ணும் வெல்லப்பாகும் கலந்த ஒரு மணம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்தேன். கீழடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டினேன். சருகுச் சத்தம் இல்லை, உயிரோடு இருந்தது. அரிவாள்மணையில், வாய்ப்பக்கம் மூடியிருக்கும் அதன் தொப்பியை மட்டும் நூலளவு சீவினேன். தீக்குச்சியின் கந்தகம் எரிந்து முடியும்வரை காத்திருந்து, சுடர் படாமல் சூடு மட்டும் படும்படி முனையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். விளிம்பு முழுதும் சிவந்த பிறகே வாயில் வைத்தேன். கவுடர் இழுத்தது போல் இதை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது. வாய்க்குள் வரவேற்று, சற்று உட்காரவைத்து, அனுப்பிவிட வேண்டும்.

முதல் பகுதியில் வறுத்த கொத்தமல்லி விதையின் வாசனையும், நாக்கின் ஓரங்களில் மட்டும் தங்கும் ஓர் இனிப்பும் இருந்தன. உருண்டை நாற்றம் துளியும் இல்லை. மரத்தகடு காப்பாற்றித்தான் இருந்தது. இவ்வளவு தெரிந்துகொண்டதும் நான் அதை வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்கவில்லை. நடுப்பகுதிக்கு வந்தபோது இனிப்பு விலகி, கடுங்காப்பியின் கசப்பும் தோல் வாரின் நெடியும் மெல்லிய மிளகு ஒன்றும் எழுந்தன. சாம்பல் விரலளவு நீண்டும் விழாமல் வெள்ளையாக நின்றது. அது நல்ல கைகளின் வேலை. எங்கோ ஒரு நாட்டில், முகம் தெரியாத யாரோ, இலைகளின் நடுவே காற்று போகும் வழியை விட்டு, இறுக்காமலும் தளர்த்தாமலும் உருட்டியிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு மனத்துக்குள் வணக்கம் சொன்னேன். இந்த இலை ஆற்று வண்டலில் விளைந்தது அன்று, சிவப்பு மண்ணில் விளைந்தது என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். அங்கே கிணற்றுச் சுவர்தான் இருந்தது. கை நீட்டி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அன்று, அந்தக் கிணற்றடியில், பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் போய்விட்டார் என்பதை நான் நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக் கிராம முன்சீப். தன் வைக்கோல் போர்தான் பற்றிக்கொண்டதென்று பயந்து, தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்திருந்தார்.

"ஐயையோ! டீச்சரம்மாவா!" என்றார். தளும்பிய குடத்தை இறக்கி வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கவுடரைக் காணவில்லை. தலை தெரிந்ததுமே அவர் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார். நஞ்சம்மா மட்டும் அசையாமல் நின்றிருந்தாள்.

மிச்சமிருந்த பன்னிரண்டையும் நான் காப்பாற்றிக் கொடுத்தேன். ஈரச் செங்கல் துண்டு ஒன்றைப் புதுப் பானையில் போட்டு, சுருட்டில் ஈரம் படாதபடி மேலே மூங்கில் தட்டு வைத்து, வாயைத் துணியால் கட்டி, பத்து நாள் இருட்டறையில் வைத்திருந்தேன். ஆபீசர் வந்தார். முன்கட்டில் விருந்து நடந்தது. பின்கட்டுச் சுவர் மெல்லியது. "இந்தப் பக்கத்தில் இப்படிப் பதமாக வைத்திருக்கிற ஒருவரை நான் கண்டதே இல்லை, மிஸ்டர் கவுடா" என்று ஆபீசர் சொன்னதும், "அது ஒண்ணுமில்லீங்க, நமக்கு அதுல ஒரு மூக்கு உண்டு" என்று கவுடர் பதில் சொன்னதும் என் காதில் விழுந்தன. அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. மூக்கை வேண்டுமானால் அவரே வைத்துக்கொள்ளட்டும், உத்தரவு வந்தால் போதும் என்று இருந்தேன்.

கோபம் ஜூன் மாதத்தில் வந்தது. இதை எழுதும்போதும் தணியவில்லை. கமிட்டி கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் காரியதரிசி, தலைமையாசிரியர், கவுடர். இந்தப் பக்கம் நான். முன்சீப் எழுதிய கடிதம் மேசைமேல் கிடந்தது.

"நீங்கள் சுருட்டுப் பிடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?" என்றார் காரியதரிசி.

"உண்மை. கெட்டுவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது."

"யாருக்காக?"

நான் கவுடரைப் பார்த்தேன். அவர் தம் மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பேசினார், மிகவும் கனிவாக. "அந்த ஊர்ப் பழக்கம், பாவம். ரத்தத்துல ஊறினது அவ்வளவு சீக்கிரம் போயிருமா? புருசனில்லாத பொம்பளை. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துட்டா, நாம பெரிய மனசு பண்ணி விட்டுடலாம்."

அவர் என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்தார். தம் வீட்டுக் கிணற்றடியில், தாம் கொண்டுவந்த பெட்டியிலிருந்து, தாம் கொளுத்தச் சொன்னதை நான் கொளுத்தியதற்காக என்னை மன்னித்தார். அவர் மனைவி நாள் முழுதும் புகையிலையை மெல்லுகிறாள். இந்த ஊரில் களையெடுக்கும் பெண்கள் எல்லாரும் மெல்லுகிறார்கள். எதிரே நிற்பவரின் கால்விரல் தப்பினால் போதும் என்று துப்புகிறார்கள். வாய்க்குள் போகும் புகையிலை குடும்பத்துக்கு அழகு. புகையாக வெளியே வந்தால் மட்டும் கடிதம் எழுதுகிறார்கள். என் நாக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த நாக்கு ஒரு பெண்ணின் வாயில் இருந்தது என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடிதம் எழுதினேன். இரண்டே வாக்கியங்கள். 'நான் ஒரு சுருட்டைப் பிடித்தேன். கமிட்டி உறுப்பினர் திம்மராய கவுடர் கேட்டுக்கொண்டதன்பேரில், அவர் முன்னிலையில் பிடித்தேன்.' தலைமையாசிரியர் படித்துவிட்டுத் தனியாக அழைத்தார். அவர் கெட்டவரில்லை.

"அம்மா, ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் அடிச்சிடுங்க. உத்தரவு தயாரா இருக்குது, கையெழுத்துதான் பாக்கி. பன்னெண்டு வருசம்மா."

"முதல் வாக்கியத்தை அடிக்கச் சொல்லுங்கள், அடிக்கிறேன். இரண்டாவது நிற்கட்டும்."

"அதெப்படிம்மா முடியும்?"

"எனக்கும் அப்படித்தான் முடியாது."

பள்ளி நடத்தும் சங்கத்துக்கு, தளி என்ற ஊருக்கு அப்பால், காட்டோரத்தில், ஜவளகிரியில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருக்கிறது. யாரும் போக விரும்பாத இடம். தற்காலிக ஆசிரியையாகவே என்னை அங்கே மாற்றினார்கள். நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது நஞ்சம்மா வந்தாள். மடியிலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். அதற்குள் நல்ல சுருட்டு ஒன்று.

"ஆபீசர் மிச்சம் வெச்சது ஒண்ணு. எங்கேன்னு வூட்டுக்காரரு கேட்டாரு. எலி தின்னுருச்சுன்னேன்."

"அன்றைக்கு நீயும்தானே நின்றாய், நஞ்சம்மா. கமிட்டிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானேனு மாடலி" என்றாள். நான் என்ன செய்வேன் என்பதற்கு அவள் மொழியில் அவ்வளவுதான். பிறகு, "வூட்ல சொன்னேன். அதுக்கே..." என்று நிறுத்தி, இடது முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மூடுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அவளிடம் கேட்டிருக்கக்கூடாத கேள்வியை நான் கேட்டிருந்தேன்.

அந்தச் சுருட்டை ஜவளகிரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து, பட்டப்பகலில், கடைசி அங்குலம்வரை பிடித்தேன். நசுக்கவில்லை, நல்ல சுருட்டைத் தானாக அணைய விட வேண்டும். விறகுச் சுமையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். "வாசனையா இருக்குதே" என்றாள் ஒருத்தி. போய்விட்டார்கள். அங்கே யாரும் கடிதம் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவள் அந்த ஊரில் நான் ஒருத்திதான்.

மாதச் சாமான் வாங்கச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி ஓசூருக்கு வருகிறேன். கடைத்தெருவில் இப்போது யாரும் பீடியை மறைப்பதில்லை. தூணோரம் நின்று, என் முகத்துக்கு நேரே புகையை விடுகிறார்கள். வணக்கம் சொல்வதுமில்லை. மோல்மேன் சந்தையிலும் புகை இப்படித்தான் என் முகத்தில் வந்து மோதும். அங்கே என்னைத் தங்களில் ஒருத்தியாக எண்ணிப் புகை விட்டார்கள். இங்கே ஒருத்தியாகவே எண்ணாமல் விடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், இரண்டு நொடிக்கு, நான் எந்தச் சந்தையில் நிற்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.

ஒருவர் மட்டும் இன்னும் மறைக்கிறார். எறிந்துவிடச் சொன்ன மேலடுக்குச் சுருட்டுகளைத் திம்மராய கவுடர் எறியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் பஸ் நிலையத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே பாச்சை உருண்டையின் நாற்றம் எனக்கு வந்துவிடும். என்னைக் கண்டதும் அவர் கை சட்டென்று நாற்காலிக்குப் பின்னால் போகிறது. நான் அவசரப்படுவதில்லை. என் ஜவளகிரி பஸ் வரும்வரை அவருக்கு நேரெதிரே நிற்கிறேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து புகை நூலாக எழும்பி, அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டேயிருக்கிறது.